மேஜைக்கு அடியில் உள்ள தரை

உலகத்தில் உள்ள வகுப்பறைகளை எல்லாம் சரிசெய்யும் முறையைச் சபாநாயகர் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. நான் பக்கத்தில் இருந்தேன். இத்தகைய நிகழ்வுகளுக்குச் சாட்சி இருப்பது நல்லது. வாய் நிறைய நுரையோடு அவன் சொன்னது இதுதான்:

"சக்கரத்தக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் மனுஷன் யோசிச்ச பெரிய விஷயம் இதுதான்டா. வகுப்ப மூணாப் பிரி. வேகம், நடுத்தரம், மெதுவு. அவனவனுக்கு அவனவன் வரிசை. முடிஞ்சது கதை. இனிமே உலகத்துல புரியலன்னு ஒருத்தனும் அழமாட்டான், போரடிக்குதுன்னு ஒருத்தனும் தூங்கமாட்டான்."

பிறகு துப்பினான்.

சபாநாயகர் என்பது கல்லூரியில் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர். அவன் பேசும்போது வேறு யாராவது வாயைத் திறந்தால், "உட்காருங்க, உட்காருங்க" என்பான். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களிடமும் அதையே சொல்வான். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஒரே அறை, ஒரே அயர்ன் பாக்ஸ். கற்பித்தல் பயிற்சிக்கும் இருவரையும் ஒரே பள்ளிக்கு, ஒரே ஐந்தாம் வகுப்புக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு நாள் அவன் பாடம் நடத்த, நான் அட்டை வெட்டித் தருவேன். மறுநாள் நான் நடத்த, அவன் குறை சொல்லித் தருவான்.

அந்த வகுப்பில் எல்லா வகைப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். கோளாறே அதுதான் என்றான் சபாநாயகர்.

ஜன்னலோரம் ஒரு பெண். அவளை வகுப்பே வக்கீல் என்று கூப்பிட்டது. வருடம் முழுவதற்குமான கணக்குப் புத்தகத்தை முதல் சில வாரங்களிலேயே முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஆசிரியர்களைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தாள். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று முதல் நாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "உதிக்குதா, இல்ல நாம சுத்துறோமா சார்? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க" என்றாள். நான் ஒன்றையும் சொல்லவில்லை. அது அவளுடைய முதல் வெற்றி.

அவளுக்கு அடுத்த மேஜையில் தாளம். எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். பேச்சு மிகக் குறைவு. எழுத்துகள் அவன் கண்ணுக்கு ஒரு வரிசையில் நிற்பதில்லை. படிக்கச் சொன்னால் ஒரு வரிக்குள் பத்து முறை தடுக்கி விழுவான். திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுவான்.

சென்ற வருடம் அவன் வேறு இடத்தில் இருந்தான். நடைவழியின் கடைசியில், உடைந்த நாற்காலிகள் கிடக்கும் அறைக்குப் பக்கத்தில், இன்னொரு அறை உண்டு. அங்கே அவன் மணி கோத்தான். சாயங்காலம் யாராவது அதை அவிழ்த்துக் கிண்ணத்தில் கொட்டுவார்கள். மறுநாள் மறுபடி கோப்பான். ஒரு வருடப் படிப்பு அவ்வளவுதான். வகுப்பு டீச்சர் தலைமையாசிரியரிடம் நச்சரித்துத்தான் அவனை இங்கே கொண்டுவந்தார். தலைமையாசிரியர் ஒரு பருவத்துக்கு மட்டும் தலையாட்டியிருந்தார்.

"கடைசி வாரம் நானே வந்து உக்காந்து பாப்பேன். வகுப்பு வகுப்பா இருந்தா பையன் இருக்கட்டும். சந்தைக்கடையா இருந்துச்சுன்னா பழைய அறைக்கே போகட்டும்."

கடைசி வாரத்தில்தான் சபாநாயகருடைய இறுதிப் பாடமும் வந்தது. அதற்கு மதிப்பெண் போடுவதும் தலைமையாசிரியர்தான். "ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுடறேன்" என்றுவிட்டார். அன்றைக்கு வகுப்பு டீச்சர் குறுக்கே பேசக்கூடாது; அது பயிற்சி விதி. ஆக, தாளம் வகுப்பில் இருப்பதா மணி அறைக்குப் போவதா என்பது சபாநாயகர் கையில் வந்து விழுந்தது. அவனுக்கு அதில் வியப்பே இல்லை. இன்னும் பெரிய பொறுப்புகளை எதிர்பார்த்திருந்தவன்.

தாளத்தின் அப்பா பேருந்து ஓட்டுநர். செய்தி தெரிந்த மறுநாள், சீருடையோடு பள்ளி வாசலில் நின்றிருந்தார்.

"சார், நீங்கதான் அன்னைக்கு நடத்துறீங்களாம். அந்த மணி அறை மட்டும் வேணாம் சார். போன வருஷம் காலைல அவனத் தூக்கிட்டுத்தான் வரணும். இப்ப லீவு நாள்லகூட 'ஸ்கூல் இருக்கா'ங்கறான்."

சபாநாயகர் அவர் தோளில் கை வைத்தான். "என்கிட்ட ஒப்படைச்சுட்டீங்கல்ல? போய் நிம்மதியா வண்டி ஓட்டுங்க."

அதற்குமுன் அவர் முகத்தில் கொஞ்சம்தான் கவலை இருந்தது.

டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். முன்பு தொலைபேசி நிறுவனத்தில் புகார் கேட்கும் வேலையில் இருந்தவர் என்பதால் எதற்கும் பதறமாட்டார். தாளம் மேஜைக்கு அடியில் போனால் அவரும் சாக்பீஸோடு அடியில் போய்விடுவார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்வார். தரையில் சாக்பீஸால் எழுதுவார். மற்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

சபாநாயகருக்குப் பட்டது. அன்று மாலை எங்கள் அறையில் அவன் சீப்பைச் சாக்பீஸாகப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, "பிள்ளைகளே, இப்ப நாம பாதாளத்துல இருக்கோம்" என்று டீச்சர் குரலில் நடத்திக் காட்டினான். பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். மறுகாட்சியும் நடந்தது.

"நாளைக்கு ஒருத்தன் மரத்துல ஏறினா இந்தம்மாவும் ஏறுமா? வாத்தியார்னா நிக்கணும்டா. பையன்தான் மேல வரணும், வாத்தியார் கீழ போகக்கூடாது" என்றான், தலைமுடியில் ஒட்டடையோடு.

மூன்று வரிசைத் திட்டத்தை டீச்சரிடம் சொன்னபோது அவர் சண்டைக்கு வரவில்லை. "செஞ்சு பாருங்க தம்பி. எனக்கும் உக்காரக் கொஞ்ச நேரம் கிடைக்கும்" என்றார்.

முன்வரிசை வேகம். அவர்களுக்குக் கணக்கு, முடித்தால் பரிசாக இன்னும் கணக்கு. நடுவரிசைக்குப் புத்தகம். பின்வரிசை மெதுவு, அவர்களுக்கு வண்ணப் பென்சில், களிமண். வக்கீல் முன்வரிசையில் முதல் ஆள். கொடுத்த கணக்கை முடித்தாள். அதைப்போல் இரண்டு மடங்கு கிடைத்தது. அதையும் முடித்தாள்; சபாநாயகர் மகிழ்ச்சியோடு ஒரு கட்டு நீட்டினான். அவள் திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் ஒருவன் களிமண்ணில் யானை செய்து தும்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"சார், இதையும் முடிச்சா?"

"இன்னும் தருவேன்!"

"தப்பாப் போட்டா?"

"பின்னாடி போகணும்."

"பின்னாடி போனா களிமண்ணா?"

"ஆமா."

"சரி சார், தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்று உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை அவள் கணக்கில் ஏழும் ஐந்தும் பதினொன்று. அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்ட பதினொன்று. அவளுக்குப் பின்னால் முன்வரிசை மொத்தமும் மக்கர் பண்ணத் தொடங்கியது. பெருக்கல் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் சொல்லக்கூடியவன் மூன்றைத் தாண்ட முடியாமல் திணறினான். வாரக் கடைசியில் வேகம் வரிசையில் மிச்சம் ஒரே ஒரு பையன். அவனுக்குக் களிமண் தொட்டால் தும்மல் வரும்.

"ஒரே வாரத்துல ஒரு வரிசையையே மெதுவாக்கிட்டியேடா. இத எந்தக் கல்லூரியிலயும் சொல்லித்தர மாட்டாங்க" என்றேன்.

"முறை சரி. பசங்கதான் சரியில்ல" என்றான்.

நெரிசலும் கூச்சலுமாய் இருந்த பின்வரிசையில் தாளம் அந்த வாரம் பாதி நாள் மேஜைக்கு மேலே வரவே இல்லை. டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கீழே போனார். அவருக்கு உட்காரக் கிடைத்த நேரம் அப்படிக் கழிந்தது.

சபாநாயகர் அசரவில்லை. இரண்டாவது திட்டம் தயாராக இருந்தது. வேகமான பிள்ளை மெதுவான பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வக்கீலைத் தாளத்தின் மேஜைக்கே மாற்றினான். அன்று மதியம் கேள்வி கேட்டான்.

"தாளம், நாலு கூடை, கூடைக்கு அஞ்சு பழம். மொத்தம் எத்தனை?"

வக்கீல் எழுந்தாள். "சார், என் கட்சிக்காரருக்குப் பதில் தெரியும். ஆனா இப்பச் சொல்ல அவருக்கு விருப்பம் இல்ல."

டீச்சர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். புத்தகம் குலுங்கியது.

"நீ அவனுக்குச் சொல்லிக்குடுக்கணும். அவனுக்காகச் சொல்லக்கூடாது!"

"அவன் எங்கிட்ட எதுவும் கேக்கவே இல்லையே சார். கேக்காதவங்களுக்குச் சொல்லிக்குடுத்தா அது தொந்தரவு. நீங்க சொல்லிக்குடுக்கறப்ப எனக்குத் தெரியும்."

தாளம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

கடைசி வாரம் வந்தது. சபாநாயகர் எடுத்துக்கொண்ட பாடம் பரப்பளவு. எங்கள் வகுப்பறைத் தரையில் சதுரக் கற்கள் பதித்திருந்தார்கள். ஒரு கல் அளவுக்கு நான் அட்டைகள் வெட்டி வைத்திருந்தேன். தரையில் எத்தனை கல் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல பாடம்தான். முந்தின நாள் அதை அவன் எனக்கு நடத்தியபோது எனக்கே புரிந்தது.

தலைமையாசிரியர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் கோப்பு. டீச்சர் கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அட்டைக் கட்டோடு ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். சட்டை மடிப்புக் கலையாமல் சபாநாயகர் நடுவில் நின்றான். "நீளத்துக்கு இத்தனை கல், அகலத்துக்கு இத்தனை கல்" என்று தொடங்கிப் பத்து நிமிடம் கப்பல் மாதிரி போனான்.

அப்போது பக்கத்து அறையில் தச்சர், அறிவிப்புப் பலகை மாட்டுவதற்காகச் சுவரில் துளை போட ஆரம்பித்தார்.

அந்தச் சத்தம் எங்கள் சுவருக்குள்ளிருந்தே வந்தது. தாளம் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போனான். தலைமையாசிரியர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கோப்பைத் திறந்தார். கதவோரத்தில் டீச்சர் ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

துளை போடுவது நின்றது. தாளம் மேலே வரவில்லை. சபாநாயகர் பார்க்காத மாதிரியே நடத்தினான்.

"கணக்கு சுலபமா இருக்க, மேஜை இருக்கிற இடத்த எல்லாம் விட்டுடுவோம். கண்ணுக்குத் தெரியுற தரைய மட்டும் எடுத்துக்குவோம்."

வக்கீல் எழுந்தாள். வகுப்பு பெருமூச்சு விட்டது.

"சார், மேஜைக்கு அடியில தரை இல்லையா?"

"இருக்கு. நாம கணக்குல சேக்கல."

"ஏன் சேக்கல?"

"தெரியலைல்ல, அதனால."

"தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா சார்? இதோ இவன் அதுமேலதான் உக்காந்திருக்கான். அது தரை இல்லன்னா இவன் எதுமேல உக்காந்திருக்கான்?" குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "வேணும்னா அவனையே கேளுங்க. நம்ம யாரும் பாக்காததப் பாத்துக்கிட்டு இருக்கறவன் அவன் ஒருத்தன்தான்."

எல்லாத் தலைகளும் அந்த மேஜைப் பக்கம் திரும்பின. கீழேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. உள்ளங்கையால், தரையில். தொப் தொப். தொப் தொப். தொப்.

சபாநாயகர் நின்ற இடத்திலிருந்தே உரக்கக் கேட்டான்: "தாளம், அங்க எத்தனை கல்லு இருக்கு?"

தட்டுவது நின்றுவிட்டது.

"என் கட்சிக்காரர்..." என்று தொடங்கினாள் வக்கீல்.

"வேணாம்மா. இரு" என்றான் சபாநாயகர். குரல் சின்னதாக இருந்தது.

தலைமையாசிரியர் பேனா மூடியைக் கழற்றினார். சபாநாயகர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். வாசலில் யாரும் நிற்கவில்லை. ஓட்டுநர் அந்நேரம் எங்கேயோ வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், நிம்மதியாக.

சபாநாயகர் காலையில் அயர்ன் பண்ணிய கால்சட்டையை முழங்காலில் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு மண்டியிட்டான். பிறகு தலையை உள்ளே விட்டான். அவன் உயரமான ஆள். பாதி உடம்பு போனதும் எங்கேயோ இடித்துக்கொண்டான். மேஜை ஒரு முறை குதித்தது. யாரும் சிரிக்கவில்லை.

நான் தரையில் இருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. அவன் தாளத்துக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தான். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா இருந்தான். அவன் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாளம் தட்ட ஆரம்பித்தான். ஒரு கல்லின் மேல் இரண்டு கையாலும். அடுத்த கல்லில் இரண்டு கையாலும். மேஜைக் காலுக்கு வெளியே பாதி போயிருந்த கல்லில் ஒரு கையால். சபாநாயகர் தன் இரண்டு கையையும் அந்தக் கல்லில் வைத்தான். தாளம் அதில் ஒரு கையை எடுத்துவிட்டான்.

"ஏன்?" என்றான் சபாநாயகர், மெதுவாக.

"பாதி."

தலைமையாசிரியர் அந்தப் பருவத்தில் அவன் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"மீதிப் பாதி எங்க?"

தாளம் வெளியே கை காட்டினான். வக்கீலின் செருப்பு இருந்த இடம்.

வக்கீல் தடாலென்று குனிந்தாள். "ஐயோ, ஆமா சார்! பாதி எங்கிட்ட இருக்கு! முழுசுக்கு ரெண்டு கை, பாதிக்கு ஒரு கை!" அவள் தன் பக்கத்துப் பாதியில் ஒரு கையால் தட்டினாள். அந்தப் பக்கம் தாளம் ஒரு கையால் தட்டினான். "சேந்தா முழுசு! அப்ப ஒவ்வொரு மேஜைக்கும் பாதி இருக்கும், இல்ல?" கேட்டுவிட்டு, தாளம் தலையாட்டும்வரை காத்திருந்தாள். பதிலுக்காக அவள் காத்திருந்து நான் பார்த்ததில்லை. "சார், வாசல் பக்கம் முக்காக் கல்லு இருக்கே, அதுக்கு எத்தனை கை?"

"தெரியலையே" என்றது சபாநாயகரின் குரல், கீழேயிருந்து. "நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லணும்."

அதற்குள் மற்ற பிள்ளைகளும் தங்கள் பாதிகளைத் தேடிக் கீழே போய்விட்டார்கள். மேஜைகளுக்கு அடியில் எல்லாம் தொப் தொப். களிமண் யானைக்காரன் தும்மல்காரனோடு ஒரு கல்லுக்காக வழக்கில் இருந்தான். நாற்காலியில் மிச்சம் இருந்தது தலைமையாசிரியர் ஒருவர்தான். வெள்ளத்தில் தனியாக நிற்கும் மரத்தைப் போலச் சுற்றிப் பார்த்தார். அவர் காலடியில் ஒரு தலை தோன்றியது.

"சார், காலத் தூக்குங்க. அங்க ரெண்டு இருக்கு."

தலைமையாசிரியர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். கீழே இருந்த அந்தத் தலைக்கு எண்ணும் வேகம் குறைவு. அவர் நெடுநேரம் தூக்கிக்கொண்டே இருந்தார்.

வெளியே போகும்போது கதவோரம் டீச்சரிடம் நின்றார்.

"இது வகுப்பா டீச்சர்?"

"உங்களுக்கு என்ன சார் தோணுது?"

அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நாற்காலிகள் எல்லாம் காலி. "சந்தைக்கடைல இப்படிக் குனிஞ்சு வேலை பாக்கமாட்டாங்க. பையன் இங்கயே இருக்கட்டும். அந்தத் தச்சரச் சாயங்காலம் வரச் சொல்லுங்க, எனக்கே மண்டை வலிக்குது." இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். "அந்தத் தம்பிக்குக் கரும்பலகையப் பயன்படுத்தாததுக்கு மார்க் குறைப்பேன். சொல்லிடுங்க."

டீச்சர் நடைவழியில் நின்று செல்போனில் பேசியது எனக்குக் கேட்டது. "ஆமாங்க, இங்கயேதான். ஆமா, நிச்சயமாத்தான். அழாதீங்க, நீங்க மொதல்ல வண்டிய ஓரமா நிறுத்துங்க. உள்ள ஆளுங்க இருக்காங்கல்ல?"

மணி அடித்தது. பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடினார்கள். வக்கீல் மட்டும் வாசலில் குந்தியிருந்து, முக்கால் கல்லின் மேல் ஒன்றரைக் கை வைப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அட்டைகளை அடுக்கிவிட்டு அந்த மேஜைக்குக் கீழே குனிந்தேன்.

"மச்சான், அவர் போயாச்சு. வெளிய வாடா."

மணிச் சத்தத்துக்குத் தாளம் காதைப் பொத்தியபடி இருந்தான். சபாநாயகர் அவன் பக்கம் பார்க்காமல், என் பக்கமும் பார்க்காமல், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடைவழியில் காலடிச் சத்தங்கள் ஓய்ந்த பிறகு தாளம் கைகளைக் காதிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான். சபாநாயகர் அடுத்த கல்லுக்கு நகர்ந்து, தன் இரண்டு கையையும் அதன்மேல் வைத்தான்.